பச்சை சோப்பில் தீட்டிய கத்தி

சிலுவைத்துறை மீன்சந்தையில் மீன் வெட்டித் தரும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தாலும், ஒரே புளியங்கட்டைக்கு இந்தப் பக்கம் ஒருத்தி அந்தப் பக்கம் ஒருத்தியாக உட்கார்ந்து வெட்டுகிற கடை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அமலோற்பவமும் அவளுடைய ஓரகத்தி தெக்லாவும் சேர்ந்து நடத்திய கடை. மூத்தவள் அமலோற்பவம் கத்தியைத் தீட்டுவாள், செதிள் எடுப்பாள், வருகிறவர்களிடம் வாய் கொடுப்பாள். இளையவள் தெக்லா தலையைக் குனிந்துகொண்டு வெட்டுவாள். அவள் வெட்டின சீலா மீன் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் மறுபடியும் ஒரு மீன் போலவே இருக்கும் என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள்.

அந்தப் பெருமை, அவர்கள் புருஷன்மார் சண்டை போட்ட நாளோடு போயிற்று. அண்ணன் சந்தியாகு வள்ளத்தைத் தெற்கே கொண்டுபோய்ச் சுறாவுக்குத் தூண்டில் போட வேண்டும் என்றான், தம்பி லிகோரி வடக்கே போய்ப் பாறைமீனுக்கு வலை விட வேண்டும் என்றான், இருந்ததோ அப்பன் விட்டுப்போன ஒரே வள்ளம். பேச்சு முற்றி இருவரும் பேச்சையே நிறுத்திக்கொண்டபோது, அமலோற்பவமும் தன் மணைப்பலகையையும் சாணைக்கல்லையும் தூக்கிக்கொண்டு சந்தையின் மறுகோடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். கத்தியும் கட்டையும் தெக்லாவிடம் நின்றன. ஆனால் கத்தி தீட்டுவதைப்பற்றி அவளுக்கு ஒன்றுமே தெரியாது. கல்யாணமாகி வந்ததிலிருந்து தீட்டின கத்திதான் அவள் கைக்கு வந்திருக்கிறது.

முதலில் சிமெண்டுப் படியில் தேய்த்தாள், பிறகு செங்கல் பொடியைத் தூவித் தேய்த்தாள், பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து அதன் அடிவட்டத்தில் தேய்த்தால் கூர் ஏறும் என்று யாரோ சொல்ல அதையும் செய்து பார்த்தாள். கத்தியின் வாய் கிழவன் பல்வரிசை மாதிரி ஆனதுதான் மிச்சம். சாளையைக்கூடக் கசக்கித்தான் வெட்ட முடிந்தது. வாடிக்கையாளர்கள் முகம் கோணாமல் வாங்கிக்கொண்டு, மறுநாள் மறுகோடிக்குப் போனார்கள்.

அப்போதுதான் அவள் கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருந்த சேகனா மரைக்காரிடம் போனாள். மரைக்கார் கத்தியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மருந்து கேட்டு வந்தவரிடம் பேசுவதுபோல் தாழ்ந்த குரலில், எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார். வாய் உடைந்த கத்தியைச் சரிசெய்யக் கருப்புக் கரடுக்கல். அது உண்டாக்கின கோட்டை அழிக்கச் செம்மண் நிறத்துக் குருந்தக்கல். அதற்கும் மேலே விரலால் தடவினால் சந்தனக்கட்டை போலிருந்த மென்கல். தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிற வாட்டர் பேப்பரில் கரடானதும் நயமானதும். கடைசியாக, பாத்திரப் பட்டறைக்காக வந்து யாரும் எடுத்துப் போகாமல் மூலையில் கிடந்த ஒரு பச்சை பாலிஷ் சோப்பு. அதைத் தோல்வாரில் பூசிக் கத்தியை இழுத்தால் கண்ணாடியாகிவிடும் என்றார்.

ஆனால் மீன் வெட்டுகிறவர்களுக்குக் குருந்தக்கல்லோடு நிறுத்திக்கொள்வதுதான் நல்லது என்றும் அவர் சொன்னார். மீன்தோல் வழுக்கும், கத்தியின் வாயில் கண்ணுக்குத் தெரியாத பல் கொஞ்சம் இருந்தால்தான் அதைக் கடித்துப் பிடிக்கும், எல்லாப் பல்லையும் தேய்த்துவிட்டால் அழகாக இருக்கும், அவ்வளவுதான். தெக்லா கேட்டுக்கொண்டாள். கேட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் கட்டித் தரச் சொன்னாள். மறுகோடியில் இருக்கிறவள் தலை தூக்கிப் பார்க்கிற அளவுக்கு ஒரு கூர் அவளுக்கு வேண்டியிருந்தது.

ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து கரடுக்கல்லில் தொடங்கினாள். ஒரு பக்கம் தேய்த்தால் மறுபக்கம் பிசிறு எழும்பும், அந்தப் பக்கம் தேய்த்தால் இந்தப் பக்கம் எழும்பும். அந்தப் பிசிறைக் கல்லுக்குக் கல் மெலிதாக்கி, கடைசியில் லிகோரியின் பழைய இடுப்பு வாரில் பச்சை சோப்பைப் பூசி முன்னும் பின்னும் இழுத்தபோது, பிசிறு போயிற்று, கோடு போயிற்று, சற்று நேரத்தில் கத்தியின் வாய் இருக்கிற இடமே கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று.

மறுநாள் காலையில் ஞானசெல்வம் டீச்சர் ஒரு சீலாவை வெட்டக் கொடுத்தாள். தெக்லா வெட்டிப் பையில் போட்டுக் கொடுத்தாள். டீச்சர் வீட்டுக்குப் போய்ப் பையைத் திறந்தபோது உள்ளே முழு மீன் கிடந்து வாயைத் திறந்து மூடியது. வெட்டித் தரச் சொன்னால் முழுசாகக் கொடுத்து அனுப்பியிருக்கிறாயே என்று அவள் திரும்பி வந்து கோபித்துக்கொள்ள, தெக்லா அவள் கண்முன்னாலேயே மறுபடி வெட்டினாள். துண்டுகள் கட்டைமேல் ஒரு விநாடி தனித்தனியாக நின்றன. பிறகு நகர்ந்து நகர்ந்து ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன, வால் ஒருமுறை ஆடியது. கூர் அவ்வளவு மெலிதாக இறங்கினதால், தன்னை வெட்டியது மீனுக்குத் தெரியவில்லை. விஷயம் அவ்வளவுதான். முப்பது வருஷமாகப் பிள்ளைகளுக்குத் தெரியாததைத் தெரியவைத்தே பழகின டீச்சர், மூன்றாவது தடவை வெட்டினதும் குனிந்து, மீன் தலையைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள்.

"உன்னை வெட்டியாச்சு."

மீன் சற்று யோசித்தது. பிறகு துண்டுகளாகவே கிடந்தது.

அதற்கப்புறம் சிலுவைத்துறையில் அது வழக்கமாகிவிட்டது. தெக்லாவிடம் மீன் வெட்டி வாங்கினவர்கள் அங்கேயே சொல்லிவிட்டு எடுத்துப் போவார்கள். சந்தையில் நாலுபேர் முன்னால் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் தலையை ஒரு பையிலும் உடலை ஒரு பையிலும் வாங்கிப் போய், வீட்டில் அடுப்பு மூட்டியபிறகு சொல்வார்கள். தலையிடம் சொன்னாலே போதும், வால் எத்தனை தெரு தள்ளி இருந்தாலும் கேட்டுக்கொள்ளும் என்பதும் சீக்கிரமே தெரிந்தது. சிலர் அதட்டிச் சொன்னார்கள், சிலர் மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொன்னார்கள், மனசு இளகினவர்கள் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னார்கள். சொல்லாமல் குழம்பில் போட்டு, சட்டிக்குள்ளே மீன் சுற்றிச்சுற்றி நீந்தி மாங்காயைத் தள்ளிவிட்டு வெளியே எட்டிப்பார்த்த கதையும் ஒரு வீட்டில் நடந்தது. இப்படிச் சொல்வது ஜெபத்தில் சேருமா என்று பங்குச் சாமியாரிடம் கேட்டார்கள். அவர் யோசித்து, ஜெபம் இல்லை, மரியாதை என்றார். கால் ஆணி உள்ளவர்கள் வந்து வலியில்லாமல் வெட்டிக்கொண்டு, வெட்டின ஆணியைத் தூரமாகக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். ஆட்டுக்கறிக் கடைக்காரர் வந்து ஒருநாள் கத்தியை இரவல் கேட்டபோது மட்டும் தெக்லா தர மறுத்தாள். துண்டு துண்டாக ஊருக்குள் நடந்து திரிகிற ஆட்டுக்கு யார் பதில் சொல்வது.

சந்தையின் மறுகோடியில் அமலோற்பவம் தலை தூக்கிப் பார்க்கவே இல்லை.

இதற்கிடையில் ஊர்க்கமிட்டி வள்ளத்து வழக்கைக் கூடிக்கூடிப் பேசியும் ஒன்றும் முடிவாகவில்லை. வாரம் மாற்றி வாரம் வைத்துக்கொள்ளச் சொன்னால் நல்ல காற்று உன் வாரத்தில் வருகிறது என்று சண்டை, விற்கச் சொன்னால் இருவருக்கும் கண் கலங்கிற்று. கடைசியில் சந்தியாகு ஆத்திரத்தில், அப்படியானால் இரண்டாக வெட்டித்தான் பிரிக்க வேண்டும் என்று சொல்ல, லிகோரி வெட்டேன் பார்ப்போம் என்று சொல்ல, கூட்டம் மெல்லத் திரும்பித் தெக்லாவைப் பார்த்தது.

தெக்லாவுக்குச் சண்டை முடிந்தால் போதும் என்றிருந்தது. வெட்டிவிட்டால் அவரவர் வழியில் போவார்கள், கோபத்துக்கு வேலை இருக்காது, ஓரகத்தி மணைப்பலகையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வருவாள் என்று நினைத்தாள். கரையில் கிடந்த வள்ளத்தின் நடுவில் கத்தியை வைத்து இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புக்கு இழுத்தாள். வாழைத்தண்டில் இறங்குவது மாதிரி இறங்கிற்று. அணியம் இருந்த முன்பக்கம் அண்ணனுக்கு, இஞ்சின் இருந்த பின்பக்கம் தம்பிக்கு. அண்ணன் பாய் கட்டித் தெற்கே போனான், தம்பி இஞ்சினைப் போட்டு வடக்கே போனான். வெட்டினது வள்ளத்துக்குத் தெரியாதாகையால் இரண்டும் சொட்டுத் தண்ணீர் ஏறாமல் மிதந்தன. திறந்துகிடந்த பக்கத்தில் கடல் கண்ணாடிச் சுவர்போல் நின்றுகொண்டது.

அந்த வள்ளத்தின் காதில் யாரும் உண்மையைச் சொல்லிவிடக் கூடாது என்று கமிட்டி கட்டுப்பாடு போட்டது. அதன்பிறகு சிலுவைத்துறையில் 'பாதி' என்ற சொல்லும் 'அரை' என்ற சொல்லும் புழக்கத்தில் இல்லை. அரைக் கிலோ இறால் ஐந்நூறு கிராம் ஆயிற்று, அரைஞாண் இடுப்புக்கயிறு ஆயிற்று, பள்ளிக்கூடம் அரைநாள் விடுவதற்குப் பதிலாக மத்தியானத்தோடு கலைந்துபோயிற்று. வெளியூர்க்காரர் யாராவது 'பாதிரியார் எங்கே' என்று கேட்டால், முதல் இரண்டு எழுத்து வாயிலிருந்து விழுவதற்குள் பக்கத்தில் நின்றவர் பலமாக இருமினார். கரையில் இருமல் ஒரு பண்பாடாகவே வளர்ந்தது.

ஆனால் அமலோற்பவம் திரும்பி வரவில்லை. லிகோரி நிறைய மீனோடு வந்தான், வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தான். முன்னால் பார்த்தால் வெறும் தண்ணீராக இருக்கிறது, பேச்சுக் கொடுக்க ஆள் இல்லை என்று ஒருநாள் சொன்னான், பிறகு அதையும் சொல்லவில்லை. கரையில் தூரதூரமாக இழுத்து நிறுத்திய இரண்டு துண்டுகளும் மணலைத் தேய்த்துக்கொண்டு மெல்ல மெல்ல ஒன்றையொன்று நோக்கி நகர்ந்தன. அவை தங்களை ஒரே உடம்பாக நினைத்துக்கொண்டிருந்தன, அதனால் உடம்பைக் கூட்டி வைக்கப் பார்த்தன. அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பனைமரத்தில் கட்டிப்போட்டார்கள். கயிறு விறைத்துக்கொண்டு நிற்பதைத் தெக்லா போகிறபோதும் வருகிறபோதும் பார்த்தாள். பார்க்கிறபோதெல்லாம் கத்தியைச் சேலைத்தலைப்பில் மறைத்துக்கொண்டாள்.

அப்படியிருக்கையில்தான் வள்ளங்களுக்குக் காப்பீடு போடுவதற்காகப் பரணிதரன் என்ற இளைஞன் அளவுநாடாவோடு வந்தான். நல்ல பையன், தண்ணீர் கொடுத்தால் எழுந்து நின்று வாங்குகிறவன். அவனிடம் சொல்லிவைக்க வேண்டும் என்று எல்லோருமே நினைத்தார்கள், இன்னொருவர் சொல்லியிருப்பார் என்றும் எல்லோருமே நினைத்தார்கள். அன்று சந்தியாகு கடலுக்குப் போகாமல் தூண்டில் கயிறு சிக்கெடுத்துக்கொண்டிருந்தான், லிகோரி விடியற்காலையே போயிருந்தான். பரணிதரன் அணியத்தைச் சுற்றிவந்து, நாடாவை இழுத்துப் பார்த்து, யாரும் இருமுவதற்குள் தெளிவான குரலில் கேட்டுவிட்டான்.

"இது பாதி வள்ளம்தானே? மீதி எங்க?"

அணியத்தில் ஒரு பலகை படக்கென்று விலகியது.

சந்தையிலிருந்து தெக்லா ஓடிவந்தாள். தலை கேட்டால் வாலும் கேட்கும் என்பதைச் சிலுவைத்துறையில் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை; வடக்கே எங்கேயோ நடுக்கடலில் லிகோரியின் காலடியிலும் இதே போல் ஒரு பலகை விலகியிருக்கும். சந்தியாகு தூண்டில் கயிற்றைக் கீழே போட்டான். கிடைத்த முதல் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு, யாருடையது என்றுகூடப் பார்க்காமல், அவன் இத்தனை நாள் ஏறெடுத்தும் பார்க்காத வடக்குத் திசையில் போனான்.

தெக்லா அணியத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "உன்னைச் சொல்லல. வேற எதையோ சொல்லுதாவ. நீ முழுசு," என்றாள். பலகை விலகினது விலகினபடி நின்றது, மேற்கொண்டு விலகவில்லை. வள்ளத்துக்குச் சந்தேகம் வந்திருந்தது, நம்பிக்கை இன்னும் போகவில்லை.

பிறகு சந்தையிலிருந்த பெண்கள் எல்லோரும் கத்தியைக் கட்டையில் குத்திவைத்துவிட்டு வந்து அணியத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள். உட்கார்ந்து அதனோடு பேசினார்கள். உன் இஞ்சினுக்கு எண்ணெய் போட வேண்டும் என்றாள் ஒருத்தி, உன் சுக்கானில் பாசி படிந்திருக்கிறது நாளைக்குச் சுரண்டித் தருகிறேன் என்றாள் இன்னொருத்தி, ஒரு கொண்டல் காற்றில் நீ ஏழுபேரைச் சுமந்து வந்தாயே, முன்னால் நாலுபேர் பின்னால் மூன்றுபேர், பின்பக்கம் இல்லாமல் அந்த மூன்றுபேர் எங்கே உட்கார்ந்தார்கள் என்று ஞானசெல்வம் டீச்சர் கணக்குக் கேட்டாள். ஒருத்தி விட்ட இடத்தில் இன்னொருத்தி பிடித்தாள், மூச்சு விடுகிற இடைவெளியில்கூட அதற்கு யோசிக்க நேரம் கொடுக்கவில்லை. நடந்ததை யாரோ காதில் சொல்லக் கேட்டு வெளிறிப்போயிருந்த பரணிதரனும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தான். அலுவலகக் குரலில், நீளம் சரியாக இருக்கிறது, முன்னால் நான்தான் தப்பாக அளந்துவிட்டேன் என்று அணியத்திடம் சொன்னான். வெளியூர்க்காரன் சொன்னதாலோ என்னவோ, வள்ளம் அதைக் கொஞ்சம் கூடுதலாக நம்பியது. பலகை ஒரு நூல் அளவு உள்ளே போயிற்று.

அமலோற்பவம் கடைசியாக வந்தாள். வந்து தெக்லாவுக்கு நேர் எதிரே, அணியத்தின் மறுபக்கத்தில் உட்கார்ந்து, மரத்தின்மேல் கையை வைத்தாள். உன் பின்பக்கத்தில் என் கொழுந்தன் உட்கார்ந்திருக்கிறான், அவனுக்கு நீச்சல் தெரியும், இருந்தாலும் சளி பிடிக்கிற உடம்பு, நனைத்துவிடாதே என்றாள். அவனுக்கு முதன்முதலில் உன்னில் ஏறினபோது வாந்தி வந்ததே, அப்போது நான்தான் எலுமிச்சம்பழம் கொடுத்துவிட்டேன், ஞாபகம் இருக்கிறதா என்றாள். நெடுநேரம் வள்ளத்திடமே பேசிக்கொண்டிருந்தவள், குரலை மாற்றாமல், கண்ணைத் தூக்காமல் கேட்டாள்.

"ஏட்டி, கத்திய எதுல தீட்டுன?"

"பச்சை சோப்புல."

"மீனுக்குப் பல்லு வேணும்னு தெரியாதா ஒனக்கு?"

"நீ சொல்லித் தரலியே அக்கா."

"நீ வந்து கேக்கலியே."

மற்றப் பெண்கள் வள்ளத்திடம் பேசிக்கொண்டே இருந்தார்கள், முன்னைவிடச் சத்தமாக. தெக்லாவுக்கு மூக்கு ஒழுகிற்று. அமலோற்பவம் தன் சேலைத்தலைப்பை அணியத்துக்கு மேலாக நீட்டினாள்.

வெயில் சாய்கிறபோது வடக்கே ஒரு வள்ளம் தெரிந்தது, அதன் பின்னால் கயிற்றில் கட்டி இழுத்துவரும் இன்னொரு துண்டு தெரிந்தது. அந்தத் துண்டுக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு இரண்டு பேர் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார்கள். இழுத்துவந்த வள்ளத்தில் சுக்கான் பிடித்து வந்தது அதன் சொந்தக்காரர் கித்தேரியான். தன் வள்ளத்தைத் தேடி நீந்திப் போய் நடுவழியில் ஏறிக்கொண்டவர். இறைத்துக்கொண்டே அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு வந்தது கரைக்குத் தெளிவாகக் கேட்டது. இத்தனை மாதப் பேச்சும் அதில் இருந்தது.

பின்பக்கத்தைக் கரையேற்றி அணியத்தோடு சேர்த்துத் தள்ளினார்கள். வலது பக்கம் தள்ளு என்று ஒருவன் கத்த, எனக்கு வலதா உனக்கு வலதா என்று மற்றவன் கத்த, அந்தக் குழப்பத்திலேயே இரண்டும் தொட்டுக்கொண்டன, தொட்டதும் வள்ளம் பெருமூச்சு விட்டு ஒட்டிக்கொண்டது. இரண்டு விரல் அளவு கோணலாக ஒட்டியிருந்தது. ஊரே சுற்றிநின்று பார்த்தது. கோணலுக்கு யார் காரணம் என்று அங்கேயே சண்டை தொடங்கியபோது, தெக்லா கத்தியை எடுத்துக்காட்டி, வேண்டுமானால் இன்னொரு தடவை வெட்டித் தருகிறேன், நேராக வைத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றாள்.

"வேண்டாம்," என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.

மறுநாள் ஓரகத்திகள் இரண்டு பேருமாக மரைக்கார் கடைக்குப் போனார்கள். மரைக்கார் மறுபடியும் எல்லாக் கல்லையும் மேசைமேல் பரப்பினார், எப்படிப்பட்ட கூர் வேண்டும் என்று கேட்டார். அமலோற்பவம் பதில் சொல்ல வாயெடுத்துவிட்டு, இளையவளைப் பார்த்தாள். தெக்லா கல் ஒவ்வொன்றின்மேலும் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தாள், அவசரப்படவில்லை.

"வெட்டுனா வெட்டுனது தெரியணும் மொதலாளி. ஆனா ரொம்பவும் வலிக்கக் கூடாது."

மரைக்கார் சற்று யோசித்து, செம்மண் நிறத்துக் குருந்தக்கல்லை அவர்கள் பக்கமாகத் தள்ளி வைத்தார். நனைத்து, மேலே பத்து இழுப்பு, கீழே பத்து இழுப்பு, பிசிறை வெறும் தோலில் தட்டிவிட்டால் போதும், சோப்பு வேண்டாம் என்றார். பச்சை சோப்பில் மிச்சமிருந்ததைக் கோயிலில் மணியடித்து விளக்கேற்றுகிற கோயில்பிள்ளை வாங்கிப் போய்ப் பீடத்து மெழுகுவர்த்தித் தண்டுகளைத் துலக்கினார். அவை நன்றாகப் பளபளத்தன, வேறொன்றும் ஆகவில்லை.

வள்ளம் இப்போதும் கொஞ்சம் கோணலாகத்தான் போகிறது. அது நேராகப் போக வேண்டுமானால் இருவரில் ஒருவர் சுக்கானை வலப்பக்கமாக அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். தெற்கே போகிற நாளிலும் வடக்கே போகிற நாளிலும், யார் பிடிப்பது என்று அண்ணனும் தம்பியும் போடுகிற சண்டை அலைக்கு மேலே ஏறி, கரையைத் தாண்டி, சந்தைவரைக்கும் கேட்கும். ஒரே கட்டையின் இரண்டு பக்கத்தில் உட்கார்ந்து மீன் வெட்டிக்கொண்டிருக்கிற இரண்டு பெண்களும் அதைக் காதில் வாங்காதவர்கள் போலவே வெட்டிக்கொண்டிருப்பார்கள். அந்தச் சத்தம் எப்போதாவது சற்று நின்றுவிட்டால்தான், கையிலிருந்த கத்தியை வைத்துவிட்டு, இருவரும் சேர்ந்து எழுந்து கடலைப் பார்ப்பார்கள்.